மருத்துவ வரிசைக்கும் சட்ட வரிசைக்கும் நடுவில்

மான்சிக் தன் லாரியைக் கல்லூரி நூலகத்தின் பின்வாசலில் நிறுத்தியபோது நல்ல பகல். பளீரென்ற வெயில். வசந்தத்தில் வரும் மஞ்சள் புழுதி மட்டும் காற்றில் மிதந்து கண்ணைக் கரித்தது. அவனுக்குப் பெரிய உடம்பு. தொப்பை முதலில் இறங்கும், பிறகுதான் ஆள் இறங்குவான் என்று சந்தையில் கேலி செய்வார்கள்.

"பேய் வர்ற நேரமாடி இது? அதுங்களே சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கும்," என்று மனைவியைச் சீண்டினான்.

ஹேரான் சிரிக்கவில்லை. சாவிக்கொத்தைத் துழாவிக்கொண்டே, "கீழ போனதும் வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க. முதுகு பத்திரம்," என்றாள்.

அந்தக் கல்லூரி செத்துப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊரில் பிள்ளை பிறந்தால்தானே கல்லூரிக்கு ஆள் வரும்? கடைசி மாணவர்கள் பிப்ரவரியில் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆசிரியர்கள் போனார்கள். மின்சாரத்தையும் வெட்டிவிட்டார்கள். மிஞ்சியவள் நூலகர் ஹேரான் ஒருத்திதான். நிலத்தடி அறையிலிருக்கும் புத்தகங்களைக் காலி செய்வது அவளுக்கு விட்ட கடைசி வேலை.

என்ன புத்தகங்கள்! மருத்துவ அகராதிகள், சட்ட விளக்கவுரைகள், பாலம் கட்டுவோர் கையேடுகள், மீன்வளப் புள்ளிவிவரங்கள், செடிகொடிப் படத்தொகுதிகள். இந்த மாதிரிப் புத்தகத்தை யாரும் தலைமாட்டில் வைத்துப் படித்துக் கண்ணீர் விடுவதில்லை. ஆனால் அதை எழுதியவர்கள் ஆயுளையே அதில் கொட்டியிருப்பார்கள். ஹேரான் மற்ற நூலகங்களுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தாள். எல்லாம் கணினியிலேயே இருக்கிறதே என்று கையை விரித்தார்கள். கூழ் ஆலைக்குச் சரக்கு அனுப்பும் பழைய காகித வியாபாரி தோக்பே மறுநாள் காலையில் ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் எல்லாவற்றையும் கட்டி வைக்க வேண்டும். அவள் தனியாக அங்கே இறங்க மாட்டாள். அதனால்தான் முதுகுவலிக்காரனான புருஷன் தன் லாரி வாடகையை விட்டுவிட்டு வந்திருந்தான்.

கீழே இருட்டு. பழைய காகிதமும் எந்திர எண்ணெயும் சேர்ந்த வாடை. அலமாரிகள் எல்லாம் தண்டவாளத்தில் ஓடுகிறவை. இடத்தை மிச்சம் பிடிக்க, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அத்தனைக்கும் சேர்த்து ஓர் ஆள் நடக்கும் அளவு இடைவெளி ஒன்றுதான் உண்டு. மருத்துவ வரிசை வேண்டுமென்றால் கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அலமாரிகள் நகர்ந்து மருத்துவ வரிசை திறக்கும். திறந்திருந்த வேறொரு வரிசை மூடிக்கொள்ளும். ஆகவே சக்கரத்தில் கை வைக்கும் முன் உள்ளே பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுக்க வேண்டும். அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்.

"யாராவது இருக்கீங்களா?" என்றாள் ஹேரான்.

"அடேயப்பா, பாதாள லோகத்துக்கே மரியாதை," என்றான் மான்சிக், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டே. "உங்க பியோன் வாத்தியாரு வந்து கதவைத் திறப்பாராக்கும்?"

"அவர் பேரை எடுக்காதீங்க."

பியோன் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தவர். எந்தப் புத்தகத்தில் எது இருக்கிறது என்று கேட்டால் எழுந்து போய்க் கையை வைத்து எடுத்துத் தருவார். பருவத்துக்குப் பருவம் வேலை தந்த கல்லூரி, ஒரு பருவம் அவரைக் கூப்பிடவில்லை. வாடகை வீடும் போயிற்று. போக்கிடம் இல்லாத மனிதர் யாருக்கும் தெரியாமல் இந்த அலமாரிகளுக்கு நடுவிலேயே இரவில் படுத்துக்கொண்டார். புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய மாலை, ஒரு குமாஸ்தா வழக்கம்போல் குரல் கொடுத்தார். பதில் சொன்னால் வெளியே துரத்துவார்களே, பியோன் மூச்சுக் காட்டவில்லை. சக்கரம் பாதியில் சிக்கியது. ஏதோ ஒரு புத்தகம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, குமாஸ்தா இன்னொரு சுற்று அழுத்திச் சுற்றிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

விடுமுறை முடிந்து திறந்தபோது பார்த்ததை ஹேரான் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

அதன் பிறகு, காலியான வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தால் சில நாள் பதில் வரும். அன்றைக்கு வாயைத் திறக்காத மனிதர் இப்போது கேட்டதும் சொல்கிறார் என்று ஊழியர்கள் கிசுகிசுப்பார்கள். ஹேரானும் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். பதில் ரொம்பத் தெரிந்தவர்களின் குரலில்தான் வரும். அவளுக்கு வந்தது செத்துப்போன அவள் அக்காவின் குரல்.

மருத்துவ வரிசையில் வேலையைத் தொடங்கினார்கள். மான்சிக் புத்தகங்களை அடுக்கி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். வாய் ஓயவில்லை. ஈரலைப் பற்றிய தடித்த நூலைத் தூக்கி, "இதுல என் பேரு இருக்கும் பாரு," என்றான். ஹேரானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கயிறு தீர்ந்தது. லாரியில் இன்னொரு கண்டு இருந்தது.

"நான் போய் எடுத்துட்டு வர்றேன். நீங்க சக்கரத்துல மட்டும் கை வைக்காதீங்க."

"சரிங்க, நூலகர் அம்மா."

அவள் மேலே போனாள். கயிற்றோடு கிம்பாப் சோற்றுப் பொட்டலத்தையும் பார்லி டீயையும் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

கீழே விளக்கு வெளிச்சம் இல்லை.

போனின் விளக்கை ஏற்றினாள். மருத்துவ வரிசை மூடியிருந்தது. அலமாரிகள் இரும்போடு இரும்பாக ஒட்டி நின்றன. அதற்குப் பதிலாக மூன்று அலமாரி தள்ளி, சட்ட வரிசை திறந்து கிடந்தது.

சாப்பாடு கையிலிருந்து விழுந்தது.

மூடிய மருத்துவ வரிசைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கை முட்டியால் இரும்பைத் தட்டும் சத்தம். மெதுவாக. பிறகு இன்னும் மெதுவாக.

"என்னங்க!"

"ஹே...ரான்..." நெஞ்சு நசுங்கியவன் விடும் குரல். "மூச்சு..."

ஹேரான் சக்கரத்தின் மேல் பாய்ந்தாள். மருத்துவ வரிசை திறக்க வேண்டுமென்றால் சட்ட வரிசை மூட வேண்டும். கை சக்கரத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் இத்தனை வருடப் பழக்கம் நாக்கில் இருந்தது. சட்ட வரிசையின் இருட்டைப் பார்த்து, அழுதுகொண்டே கத்தினாள்.

"யாராவது இருக்கீங்களா?"

"பின்ன யாரு, ஜனாதிபதியா இருப்பாரு? நான்தான்டி!"

மான்சிக்கின் குரல்.

அவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள்.

"இங்க கடைசியில இருக்கேன். இந்தத் தடி புத்தகங்களையும் பார்ப்போம்னு சக்கரத்தைச் சுத்திட்டு வந்தேன். குனிஞ்சேன், முதுகு புடிச்சிக்கிச்சு. விளக்கும் விழுந்து அணைஞ்சு போச்சு. வந்து தூக்கு."

போனை நீட்டிப் பார்த்தாள். வெளிச்சம் பாதி தூரம் போய்க் களைத்து நின்றது. அதுவரை யாரும் இல்லை. அதற்கப்பால் கறுப்பு.

பின்னால் தட்டும் சத்தம் ஒருமுறை கேட்டது. வெகுநேரம் கழித்து இன்னொரு முறை.

சட்ட வரிசைக்குள் நடந்து போய்ப் பார்த்துவிடலாம். போனால், அலமாரி அவள்மேல் மூடிக்கொண்டால்? அதற்குத்தான் கூப்பிடுகிறதோ? அவள் செத்தால் இங்கே யாருக்குத் தெரியும், அங்கே மூச்சுத் திணறுகிறவனை யார் எடுப்பார்கள்? போனில் சிக்னலும் இல்லை. ஓடிப்போய்த் தெருவிலிருந்து ஆளைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கடவுளே, கடவுளே என்று வாய்விட்டு அரற்றினாள்.

"நீங்கதான்னா சொல்லுங்க," என்று இருட்டைப் பார்த்துக் கேட்டாள். "நம்ம முதல் பிள்ளை எங்க பொறந்தா?"

"அடிப்பாவி, இப்ப எதுக்கு எனக்குப் பரீட்சை வைக்கிற? பாஸ் பண்ணாத்தான் தூக்குவியா?" அது சிரித்தது. வலியோடு சிரித்தது. "வாடி சீக்கிரம், தரை ஜில்லுன்னு இருக்கு."

பின்னால், மருத்துவ வரிசையில், மூச்சு மட்டும் கேட்டது. ஒரு பேச்சு இல்லை. ஒரு கேலி இல்லை.

சாகக் கிடக்கிறவன் கேலி பேச மாட்டான் என்று ஹேரான் முடிவு கட்டினாள். இருபத்தாறு வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவள். சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனாலும் மான்சிக் பாடையிலிருந்து எழுந்து ஏதாவது சொல்லிவிட்டுத்தான் படுப்பான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

"மன்னிச்சிடுங்க சார்," என்றாள், பியோனை நினைத்து.

சக்கரத்தைச் சுற்றினாள்.

அலமாரிகள் முனகிக்கொண்டு நகர்ந்தன.

"ஏய்... என்ன பண்ற? ஹேரான்? ஏய்!"

சுற்றினாள்.

"அடியே, நான்தான்டி! ஹேரான்!"

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுற்றினாள். சக்கரம் பாதியில் சிக்கியது. ஒரு புத்தகம் துருத்திக்கொண்டிருந்தால் இப்படித்தான் சிக்கும். அவள் முழு உடம்பையும் அதன் மேல் சாய்த்து அழுத்தினாள்.

குரல் நின்றது.

மருத்துவ வரிசை திறந்துவிட்டிருந்தது. நடுவில் மான்சிக் நின்றுகொண்டிருந்தான். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. ஹேரான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அந்தப் பெரிய உடம்பு, அந்த வியர்வை வாடை, அந்தக் கம்பளிச் சட்டை. அவன் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு அவள் முதுகில் கையை வைத்தான்.

"நன்றி," என்றான்.

மருத்துவமனையில் படமெடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. முதுகில் பழைய தேய்மானம் இருக்க வேண்டுமே என்று அவள் கேட்டதற்கு, அப்படி எதுவும் தெரியவில்லை, பிள்ளை முதுகு மாதிரி இருக்கிறது என்றார் மருத்துவர். அவளுக்கு வந்த சந்தோஷத்தில் எதையும் யோசிக்கப் பிடிக்கவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் அப்படியே நின்றான். "உள்ள வாங்க," என்று அவள் சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைத்தான். ஒவ்வொரு அறையாகப் பார்த்தான். குழம்பை ருசித்துச் சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். பயந்துபோயிருக்கிறார் பாவம் என்று அவள் அவன் காலைப் பிடித்துவிட்டாள். கால் சூடாகவே இல்லை.

காலையில் தோக்பே நான்கு ஆட்களோடு வந்தான். ஹேரான் படியிலேயே நின்றுகொண்டாள். அவர்கள் கண்ணைக் கூசவைக்கும் பெரிய விளக்குகளை இறக்கி, பாலக் கையேடுகளையும் மீன் புள்ளிவிவரங்களையும் வாரிக்கொண்டு போனார்கள். பிறகு ஒருவன் சக்கரத்தைச் சுற்றிச் சட்ட வரிசையைத் திறந்தான்.

"அம்மா, இங்க வந்து பாருங்களேன்," என்று தோக்பே சிரித்தான். "யாரு இங்க சாய்ஞ்சு உக்காந்தது, மல்யுத்தக்காரனா?"

அவள் போய்ப் பார்த்தாள்.

வரிசையின் கடைசியில், கீழ்த்தட்டுகளில், புத்தகங்கள் உள்ளே அமுங்கியிருந்தன. ஒரு பக்கம் அகலமான முதுகு. எதிர்ப்பக்கம் பெரிய வட்டமாகத் தொப்பை, அதற்கு மேல் ஒருபக்கம் திரும்பிய முகம். ஒரு கை மட்டும் உயர்ந்து, சக்கரம் இருக்கும் திசையைப் பார்த்து விரிந்திருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. உடம்பு இல்லை. ரத்தம் இல்லை. உட்கார்ந்தபடி நசுங்கிய ஒரு மனிதனின் அச்சு மட்டும் அத்தனை கனமான அட்டைகளில் பதிந்திருந்தது.

ஹேரான் அந்தக் குழிக்குள் கையை வைத்தாள். கதகதப்பாக இருந்தது. விரல்களுக்கடியில் அது மெல்ல ஏறி இறங்கியது.

"இதைத் தொடாதீங்க!" என்று அலறினாள். "ஒருத்தரும் கிட்ட வராதீங்க!"

"என்னம்மா ஆச்சு?"

"இந்த ஒரு அலமாரியை எனக்கு விட்டுடுங்க தோக்பே. உங்க காலைப் பிடிக்கிறேன். ஒரு புத்தகத்தைக்கூட நகர்த்தாதீங்க. உள்ள இருக்காரு... அவரு இன்னும் உள்ள இருக்காரு..."

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் விரலைத் தலையருகே சுழற்றிக் காட்டினான். ஹேரான் இரண்டு கைகளையும் விரித்து அலமாரியை மறைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால், அட்டைகளுக்கு நடுவில், யாரோ மூச்சைப் பிடித்துப் பேச முயல்வது அவளுக்குக் கேட்டது. அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

படிகளில் யாரோ இறங்கி வந்தார்கள். நிதானமான நடை. மேலே லாரியில் உட்கார வைத்துவிட்டு வந்த அவள் புருஷன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் குனிந்தான். ஒரு சிரமமும் இல்லாமல் குனிந்தான். குளிர்ந்த கையால் அவள் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். அவள் திமிறினாள், அந்தப் பிடி தளரவில்லை.

"நேத்து ரொம்பப் பயந்துட்டா, வேற ஒண்ணுமில்லைங்க," என்றான் தோக்பேயிடம், பணிவாக. "தயவுசெஞ்சு இந்த அலமாரியை முதல்ல ஏத்திடுங்க."