மூக்காயி போட்ட குலவை

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படித்துக் கால் மணி நேரமாகியும் தனுஜா பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. விஜயகலா அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே மகளைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே தெரிந்த பாதம் வெளுத்துக் கிடந்தது. இன்றைக்கு ஒன்பதாவது நாள்... வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டாள்.

"என்னாடி கலா, மகாராணி இன்னும் எந்திரிக்கலையா? பீலித் தண்ணிய யாரு தூக்கிட்டு வாறது, நானா?"

வாசலில் நின்று கேட்டவள் மூக்காயி, விஜயகலாவின் புருஷன் சின்னத்தம்பிக்கு மூத்த அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தாலியறுத்து வந்த நாளிலிருந்து அந்த வரிசை வீட்டு லயத்துக் காம்பராவில் அவள் வைத்ததுதான் சட்டம். தம்பி அதற்குத் தலையாட்டுவான், தம்பி பெண்டாட்டி வேலை செய்வாள்.

"மேலுக்கு முடியலன்னு படுத்திருக்கா மதினி... நானே போயித் தூக்கியாறேன்."

"மேலுக்கு முடியல, மேலுக்கு முடியல... மாசத்துல பாதி நாளு இதே பாட்டுத்தானா? பதினஞ்சு வயசு முடிஞ்சு போச்சு! அவ செட்டுப் புள்ளைங்க எல்லாம் சமஞ்சு ஒக்காந்து, தோட்டத்துல பேரு பதிஞ்சு, கொழுந்துக்குப் போகுதுங்க. இது மட்டும் பொஸ்தகத்தக் கட்டிக்கிட்டு அழுவுது. ஒன் வகுத்துல என்னா பாவம் இருந்துச்சோ, இப்பிடி ஒண்ணப் பெத்து வெச்சிருக்கே!"

சின்னத்தம்பி தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. விஜயகலா அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டாள். இந்த ஒரு வருஷமாக அந்த ஏச்சைச் சோறு மாதிரித் தினமும் வாங்கித் தின்று பழகியிருந்தாள். பழகியிருந்தாள் என்று நாம் சொல்லலாம், அவள் நெஞ்சுக்குத்தான் தெரியும்.

ஏனென்றால் தனுஜா பெரிய மனுஷியாகிப் பதினான்கு மாதமாகிறது. அது தாய்க்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

மூத்த மகள் வயசுக்கு வந்தபோது ஊரைக் கூட்டிச் சடங்கு செய்தார்கள். பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், பதினேழாம் நாள் பள்ளிக்கூடம் நின்றது. "சமஞ்ச புள்ளய ரோட்டுல விட ஏலாது" என்று மூக்காயி சொன்னாள், சின்னத்தம்பி தலையாட்டினான். இருபது வயதான அவள் இப்போது அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் இரண்டு பிள்ளைகளோடு கூடை சுமக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது தங்கச்சியின் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறினாள். விஜயகலா அடுப்புப் புகையைச் சாக்காக வைத்து அழுதாள்.

அதனால்தான் சின்னவள் அன்றைக்கு நடுங்கிக்கொண்டு வந்து, "யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா, நான் ஓ.எல். சோதன எழுதணும்" என்று காலைக் கட்டிக்கொண்டபோது, தாயும் சரியென்று விட்டாள். தன் பழைய சேலையைக் கிழித்துத் துணி கொடுத்தாள். ஊர் விழிக்கும் முன் ஓடையில் அலசி, விறகுக் கட்டுக்குப் பின்னால், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் தன் படங்குச் சாக்கின் மறைவில் காயப் போட்டாள். காயுமா? இரத்தினபுரிப் பக்கத்து மழைக்கு வெயிலில் போட்ட துணியே காய்வதில்லை.

தனுஜாவுக்கு முதலில் ஐந்து நாள் போனது. பிறகு எட்டு, பத்து என்று ஏறியது. "ஏழு நாளுக்கு மேல போனா டாக்டருக்குக் காட்டணுமாம்மா, சுகாதாரப் பாடத்துல டீச்சர் சொன்னாங்க" என்று பிள்ளை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் மருந்து வருவதற்கு முன்னால் சேதி லயத்துக்கு வந்துவிடும். "டிசம்பர்ல சோதன முடியட்டும் சாமி, கொஞ்சம் பொறுத்துக்க" என்றாள் விஜயகலா. அக்டோபர் மாதம் வந்திருந்தது. இன்னும் இரண்டே மாதம்தான்.

"அம்மாவ ஏசாதீங்க அத்தை... நானே போறேன்."

தனுஜா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். விஜயகலா தடுப்பதற்குள் படி தாண்டிவிட்டாள். ரொட்டி கருகும் வாசனை வரும் முன்பே மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையிலிருந்து சத்தம் வந்தது.

"ஐயோ, புள்ள விழுந்துட்டா! ஓடியாங்க!"

பீலிக்கு வந்த பெண்கள் நாலு பேர் அவளைத் தூக்கி வந்து வாசலில் கிடத்தினார்கள். பாவாடை நனைந்திருந்தது, தண்ணீரால் மட்டுமல்ல. மூக்காயி குனிந்து பார்த்தாள். அந்தக் கடுகடுத்த முகம் அப்படி மலர்ந்ததை விஜயகலா கல்யாணமாகி வந்து பார்த்ததே இல்லை.

"அடியே, எம் மருமவ ஒக்காந்துட்டா! மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா!"

மூக்காயி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அடுத்த காம்பராப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். லயம் முழுக்கக் குலவைச் சத்தம். "மொத தடவைன்னா மயக்கம் வரத்தான் செய்யும்" என்றாள் ஒருத்தி. "யாரும் தொடாதீங்க, தீட்டு! பின்பக்கத்துல சாக்க விரிச்சுப் படுக்க வைங்க. எம்பிலிப்பிட்டிய மாமனுக்கு ஆள் அனுப்புங்க, சாயங்காலம் வந்து புள்ள ஒதுங்கி இருக்கப் பச்சக் குச்சிக் குடிசை கட்டட்டும். அது வரைக்கும் பச்ச முட்டையும் நல்லெண்ணெயும் போதும்." மூக்காயி கட்டளை மேல் கட்டளையாகப் போட்டாள்.

விஜயகலா மகளின் உதட்டைப் பார்த்தாள். அதில் நிறமே இல்லை. கூப்பிட்டால் இமைதான் அசைந்தது, வாய் அசையவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் மானம் தப்பும். பதினான்கு மாதத்துப் பொய்யும் இந்தக் குலவையோடு கரைந்து போகும். ஆனால் சாயங்காலம் வரைக்கும் இந்தப் பிள்ளை சாக்கில் கிடந்தால்?

"நிப்பாட்டுங்க!"

அவள் குரலா அது என்று அவளுக்கே தெரியவில்லை. குலவை நின்றது.

"இது மொத தடவ இல்ல... எம் புள்ள சமஞ்சு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு! நாந்தான் மறைச்சேன். ஒம்போது நாளா நிக்காம போயிக்கிட்டு இருக்கு. இவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்... வழி விடுங்க!"

சின்னத்தம்பியின் கை அவள் கன்னத்தில் விழுந்தது. அத்தனை பேர் முன்னால்!

"ஊரச் சிரிக்க வெச்சுட்டியேடி!"

"அடிப்பாவி!" மூக்காயி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வருசமா தீட்டோட என்னைச் சாமி வெளக்கு ஏத்த வெச்சியா? அந்தத் தீட்டுத்தான்டி புள்ளய அடிச்சிருக்கு!"

"அடிங்க, கொல்லுங்க... புள்ளயக் காட்டிட்டு வந்து இதே வாசல்ல நிக்கிறேன், அப்பறம் கொன்னு போடுங்க!"

மகளைத் தன்னந்தனியாகத் தோளில் தூக்கினாள் விஜயகலா. பதினைந்து வயதுப் பிள்ளை கூடைக் கொழுந்தின் பாரம்கூட இல்லை. கீழ் ரோட்டில், பெல்மதுளையிலிருந்து காலையில் பாண் ரொட்டி கொண்டு வரும் முஹ்ஸினின் த்ரீவீல் நின்றது. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாண் பெட்டியை இறக்கி ரோட்டோரத்திலேயே வைத்துவிட்டு, "ஏத்துங்க தங்கச்சி" என்றார்.

இரத்தினபுரிப் பெரியாஸ்பத்திரியில் மூன்று போத்தல் ரத்தம் ஏற்றினார்கள். "ஐ மெச்சர கல் ஹிட்டியே?" என்றார், எல்லாரும் மரியாதையாக நோனா என்றழைத்த இளம் பெண் டாக்டர். ஏன் இவ்வளவு காலம் காட்டாமல் இருந்தாய் என்ற அந்தச் சிங்களக் கேள்வி, சிங்களம் தண்ணீராய்ப் பேசும் விஜயகலாவுக்கு உடனே விளங்கியது. குலவையும் அறையும் கொடுக்காத வலியை அந்த ஒரு கேள்வி கொடுத்தது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை படிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேனே, பிள்ளை இருக்க வேண்டுமென்று நினைக்காமல் போனேனே... நானே கொல்லப் பார்த்தேனே!

மறுநாள் பார்வை நேரத்தில் சின்னத்தம்பி வந்தான், பின்னால் மூக்காயியும் வந்தாள். மூக்காயி கட்டிலண்டை வராமல் கதவோரமாகவே நின்றாள். விஜயகலா அவர்களைப் பார்க்கவில்லை.

டாக்டர் நோனா தாயையும் தகப்பனையும் அருகில் அழைத்துச் சொன்னார். வயசுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருஷம் உடம்பில் ஹோர்மோன் ஒரு நிலைக்கு வராது. மாதம் தள்ளிப் போகும், முன்னே வரும், கூடக்குறையப் போகும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு தரம் துணி நனைந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். துணியை வெயிலில்தான் காயப் போட வேண்டும். கீரை, முட்டை, கருவாடு கொடுக்க வேண்டும். சோற்றோடு தேத்தண்ணி கொடுத்தால் சத்து உடம்பில் சேராது.

"இன்னும் அரை மணி நேரம் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை. இந்தத் தாய் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததால்தான் இருக்கிறாள்" என்று சின்னத்தம்பியைப் பார்த்துச் சொன்னார். அவன் தன் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டான்.

பிறகு டாக்டர் கொப்பியைத் திறந்தார். "எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஹோர்மோன் மட்டும் என்றால் இவ்வளவு போகாது. ரத்தம் சீக்கிரம் உறையாத குறை சில குடும்பங்களில் வழிவழியாக வரும். சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா?"

"எங்க பக்கம் யாருக்கும் இல்லைங்க" என்றாள் விஜயகலா. சின்னத்தம்பி வாயைத் திறந்தான், மூடினான். அவன் கண் கதவுப் பக்கம் போனது.

"எம் மகளுக்கு இருந்துச்சு."

மூக்காயிதான் பேசினாள். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும்தான் விஜயகலாவுக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அந்தப் பிள்ளையின் பேரை எடுத்ததில்லை.

"காச்சல் இல்ல கலா... பதிமூணு வயசுல ஒக்காந்தா. குச்சி கட்டி வெச்சோம், குலவை போட்டேன். நிக்கவே இல்ல. சாக்கு சாக்கா மாத்துனேன். தண்ணிக் கரையில பேய் அடிச்சிருக்குன்னாங்க, வேப்பில அடிச்சாங்க. பதினாறு நாளு முடியாம வெளிய எடுக்கப்புடாதுன்னாங்க... பதினோராம் நாளு வெடியக்குள்ள கண்ண மூடிட்டா."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. இருக்கும் பிள்ளைக்காகவா, போன பிள்ளைக்காகவா, யாருக்காகக் குறித்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியவில்லை போலும்.

"அம்மே..." என்று மெல்லக் கூப்பிட்டார்.

"அப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்திருந்தா பொழச்சிருப்பாளா நோனா?"

டாக்டர் கதவோரம் நின்ற மூக்காயியிடம் வந்தார். அவள் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மூக்காயி தள்ளாடி வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தாள். ஒன் வகுத்துல பாவம் என்று தினம் தினம் சொன்ன வாய்... அந்தக் குறை தானும் தம்பியும் பிறந்த ரத்தத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். விஜயகலா நினைத்திருந்தால் அந்த நிமிஷத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பழி தீர்த்திருக்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மூக்காயியின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"மதினி... அன்னைக்கு யாருக்கு என்னா தெரியும்? அழாதீங்க. நானும் தப்புத்தானே செஞ்சேன்... மறைச்சு மறைச்சு, எம் புள்ளயச் சாவு வரைக்கும் கொண்டு போயிட்டேனே..."

"நீ மறைச்சது தப்புத்தான்டி!" மூக்காயி அவள் கையை இறுகப் பிடித்தாள். "ஆனா புள்ள சாவப் போறான்னு தெரிஞ்சதும் நீ வாயத் தொறந்த. ஊரு என்னா சொல்லும்னு பாக்கல, புருசன் அடிப்பான்னு பாக்கல... எனக்கும் தெரிஞ்சிருச்சு கலா! எம் மக பொழைக்க மாட்டான்னு அஞ்சாம் நாளே தெரிஞ்சிருச்சு. நான் வாயத் தொறக்கலையே... எம் புள்ள என்னையப் பாத்துக்கிட்டே கெடந்தா, நான் தொறக்கலையேடி!"

இருபத்திரண்டு வருஷத்து அழுகை அது. வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விஜயகலா அவளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

சத்தத்தில் தனுஜா கண் விழித்தாள். தாய் அழுவதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"அம்மா... எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சா? அப்ப நான் சோதன எழுத ஏலாதா?"

சின்னத்தம்பி வழக்கம்போல அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"என்னைய என்னாடா பாக்குற?" என்றாள் மூக்காயி, மூக்கைச் சிந்திக்கொண்டு. "அவளப் பெத்தவ இங்க இருக்கா. அவகிட்ட கேளு."