ஸோர்க்கியில் தெரிந்த இரண்டாவது உருவம்

ஜனவரி மாதம், மதியம் தாண்டியதுமே இருட்டிக்கொண்டு வந்தது. பழைய ஸோர்க்கி கேமராவைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு கிளெப் வந்து கதவைத் தட்டினான். உறைந்து கிடந்த வோல்கா ஆற்றின் மேலேயே அக்கரையிலிருந்து நடந்து வந்திருந்தான்.

"அதிசயமா இருக்கே! ரிம்மா சாவுக்குக்கூட எட்டிப் பார்க்காதவன்," என்றான் கேமரா ரிப்பேர் செய்யும் வெனியமின்.

"அப்புறமா திட்டு, வேன்யா. ஊர்ல இதைத் தொட வேற ஆளு யாரு இருக்கா? ரெண்டு உருவமும் சேரவே மாட்டேங்குது." கிளெப் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தான். கோட்டைக் கழற்றவில்லை.

அந்தக் கேமராவுக்குள் பார்த்தால் எதுவும் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் மங்கலான இரண்டாவது உருவம் நகர்ந்து வந்து முதலாவதோடு ஒட்டும். ஒட்டிய இடத்தில் தூரம் எத்தனை மீட்டர் என்று வளையத்தில் படித்துக்கொள்ளலாம். எங்காவது இடிபட்டால் இது பிசகிவிடும். ரிப்பேர் செய்கிறவர்கள் தொலைவில் அசையாமல் நிற்கும் ஒன்றை வைத்துத்தான் சரிசெய்வார்கள். வெனியமினுக்கு அது ஜன்னலில் தெரிந்த அக்கரைப் புகைபோக்கி.

அந்த ஜன்னலே அவனுக்கு ஆகாது. போன மார்ச்சில் பனி இளகிய சமயம் அவன் மனைவி ரிம்மா அந்த ஆற்றில்தான் மூழ்கிப் போனாள். அப்படி எங்கே கிளம்பினாள் என்று யாரிடமும் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

முன்பக்கத்துக் குட்டி மூடியைக் கழற்றினான். உள்ளிருந்த திருகில் திருப்புளியை வைத்துக்கொண்டு பார்த்தான். புகைபோக்கி இரண்டாகத் தெரிந்தது.

மங்கலான புகைபோக்கிக்குக் கீழே, பனியின் மேல், ஒரு பெண் நின்றிருந்தாள்.

கேமராவை இறக்கினான். ஆறு வெறிச்சோடிக் கிடந்தது.

மறுபடி பார்த்தான். அவள் இக்கரை ஏறியிருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ரிம்மா!"

முக்காலி கிரீச்சிட்டது. "உனக்கும் தெரியுறாளா?" கிளெப்பின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "திருகை முடுக்கி அவளை வெளிய தள்ளிடுடா. உன் கால்ல விழுறேன்."

"என் பொண்டாட்டிடா அவ."

தள்ளுவதாவது! செத்த நாளிலிருந்து கனவில்கூட வராதவள். ஒரே ஒரு தடவை அவள் தன்னைப் பார்த்துவிட்டால் போதும் என்று அவன் ஏங்கிக் கிடந்தான். தொழில் தெரிந்த எவனும் செய்யாத காரியத்தைத் தெரிந்தே செய்தான். புகைபோக்கியை விட்டுவிட்டு, அசைகிற அவளைக் குறியாக வைத்துத் திருகைத் திருப்பினான்.

மங்கல் போய்விட்டது. இப்போது முதல் உருவத்திலும் அவள் இருந்தாள்.

அறைக்குள் இருந்தாள்.

வளையத்தைத் திருப்பித் திருப்பி அவளைத் தொடர்ந்தான். வளையம் மூன்று மீட்டர் காட்டியது.

இரண்டு.

ஒன்று.

அதற்குக் கீழே வளையத்தில் எண் இல்லை.

ஆற்றுச் சேற்றின் வாடை குப்பென்று அடித்தது. "வா, இங்க வா," என்று அழுதான் வெனியமின்.

அலறியது கிளெப். "கிட்ட வராத ரிம்மா! பனி இளகுது, ஆத்தைத் தாண்டி என்கிட்ட வராதேன்னு அன்னிக்கே சொன்னேனே!"

கதவு படாரென்று திறந்தது. கிளெப் படிகளில் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது.

அவள் எங்கே கிளம்பினாள் என்பது வெனியமினுக்கு இப்போது தெரிந்துவிட்டது. கேமராவை இறக்கினான்.

அறையில் யாரும் இல்லை. ஜன்னலடியில் தொடங்கிய ஈரமான வெறுங்கால் தடங்கள் முக்காலி வரை போய், அங்கிருந்து வாசலைத் தாண்டிப் படியிறங்கியிருந்தன. அவன் நின்ற பக்கம் ஒரு தடம்கூடத் திரும்பவில்லை.