குடும்பிமலைக்கு ஒரு வாடகைக் கார்

கல்லடிப் பாலத்தின் கீழே ஒரு பிணம்!

வாவித் தண்ணீர் அதைப் பாலத்தூணில் கொண்டுவந்து மோதியது. இழுத்தது. மறுபடி மோதியது.

செத்தவர் வேலப்போடி. பெரிய வயல்காரர். மண்டை பிளந்திருந்தது.

"போடியாருக்கு ஆரோட பகை?"

சப் இன்ஸ்பெக்டர் இப்றாஹிம் கேட்டார். மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்து அவருக்கு ஒரு கிழமைகூட ஆகவில்லை.

கான்ஸ்டபிள் பாக்கியராசா தயங்கவே இல்லை.

"மச்சானோடதான் சேர்! நல்லரத்தினம் வாத்தியார். போடியாரிட தங்கச்சி அன்னப்பூரணிய அண்ணன்ர விருப்பத்துக்கு மாறாக் கட்டினவர். செத்த அண்டைக்கும் பொழுதுபட, போடியார் அவங்கட வாசல்ல நின்று, 'ரெண்டு பேரையும் வெட்டிப் போடுவன்' எண்டு கத்திப்போட்டுப் போயிருக்கார்!"

"அவங்களிட்ட விசாரிச்சியா?"

"ஓம் சேர். 'என்ர மனிசி வீட்டை விட்டு அசையல்ல' எண்டு அவர் சொல்றார். 'அவர் என்னோடதான் இருந்தவர்' எண்டு அவ சொல்றா..."

சாட்சி இல்லை. ஆயுதம் இல்லை.

ஆனால்... போடியாரை அடக்கம் செய்த மறுநாளே, வாத்தியாரும் மனைவியும் ஊர் சுற்றிப் பார்க்க ஒரு வாடகைக் கார் கேட்டார்கள்!

"தப்பி ஓடப் பாக்கிறாங்க!" என்றார் இப்றாஹிம்.

காக்கிச் சட்டையைக் கழற்றினார். சாரம் உடுத்தார். பக்கீர் காக்கா, அதாவது பக்கீர் அண்ணன், என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒஸ்டின் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அவர்கள் ஓடவில்லை!

ஏறாவூரில் காரை நிறுத்தி எருமைத்தயிர் வாங்கினார்கள். சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துச் சாப்பிட்டார்கள். இரவு தங்கிய கல்குடா வாடிவீட்டில் நண்டுக்கறியும் பிட்டும். நல்லரத்தினம் நண்டுக் கால்களை உடைத்துச் சதையெடுத்து அவள் தட்டில் வைத்தான். அவள் அதை மெல்ல அவன் தட்டுக்குத் தள்ளினாள்.

பாசிக்குடாவில் முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்தார்கள்.

"இஞ்சாருங்க... கடல் எண்டு சொல்லவே ஏலாது. குளம் மாதிரிக் கிடக்கு!"

"உனக்குப் பிடிச்சிருக்கா, அன்னம்?"

"ஓம்... இன்னும் கொஞ்சம் நடப்பம்."

கரையில் நின்ற இப்றாஹிமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனைப் புதைத்த மண்கூடக் காயவில்லை. இவளுக்குக் கடல் கேட்கிறது!

திரும்பி வந்தவளிடம் கேட்டே விட்டார்.

"தங்கச்சி, சொந்தத்தில ஒரு மவுத்து நடந்த வீடாமே... இந்த நேரத்தில பயணம் வந்திருக்கீங்க?"

அன்னப்பூரணி ஈரச்சேலையைப் பிழிந்தாள்.

"என்ர அண்ணன்தான், காக்கா. முகம் பாக்கப் போனன். படலைய அடைச்சிட்டாங்க. வேலிக்கு வெளிய நின்று அழுதிட்டு வந்தன்."

இப்றாஹிம் போய்க் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் காலை குடும்பிமலை.

காட்டுப்பாதை முடிந்த இடத்தில் காரை விட்டார்கள். பாதி உயரத்தில் அன்னப்பூரணிக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஏறுங்க. நான் ஆறுதலா வாறன்."

உச்சியில் காற்று அறைந்தது. கீழே காடு. தூரத்தில் கோடு போலக் கடல்.

நல்லரத்தினம் சிரித்தான்.

"நீங்க பொலிஸ்தானே, காக்கா?"

இப்றாஹிம் அதிர்ந்தார்!

"கியரை இப்பிடி அழவைக்கிற றைவரை ஆரு வேலைக்கு வெச்சிருப்பாங்க? சரி, கேளுங்க. வேலப்போடிய நான்தான் கொன்றன்."

"எதால அடிச்சீங்க?"

"க... கல்லால."

"பொய்! வெட்டினது மண்வெட்டி எண்டு டாக்குத்தர் சொல்லிட்டார். நீங்க ஆரையோ காப்பாத்தப் பாக்கிறீங்க!"

நல்லரத்தினம் மலை விளிம்புப் பக்கம் பின்வாங்கினான்.

"பாசிக்குடாவும் இந்த மலையும் காட்டுறன் எண்டு அவளுக்குச் சொல்லியிருந்தன். காட்டிட்டன். உசிரோட இருந்தா நீங்க கேள்விக்கு மேல கேள்வி கேப்பீங்க. செத்தவனிட்ட ஆரு கேக்கிறது?"

"வாத்தியார்! நில்லுங்க!"

இப்றாஹிம் பாய்ந்தார். கையில் சட்டைத் துணி ஒரு கணம் அகப்பட்டது.

கிழிந்தது!

"ஐயோஓஓ...!"

அலறியது அவன் அல்ல. அப்போதுதான் மேலேறி வந்த அன்னப்பூரணி!

விளிம்புக்கு ஓடியவளை இப்றாஹிம் இழுத்துப் பிடித்தார். அவள் அவர் கையைக் கடித்தாள். பிறகு அடங்கிப்போய்ப் பாறையில் சரிந்தாள்.

"நான் பொலிஸ், தங்கச்சி. கொன்றது தான்தான் எண்டு சொல்லிப்போட்டுக் குதிச்சிட்டார்..."

"தெரியும்..."

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு அண்ணனைச் சமாதானப்படுத்தப் போனன். வாவிக்கரையில அண்ணன் செத்துக் கிடந்தார். தூக்கிப் பாத்தன்... கையெல்லாம் ரத்தம். திரும்பி ஓடக்குள்ள தாழமரத்தடியில இவர் நின்றார். இவர்தான் செய்திட்டார் எண்டு விளங்கிச்சு. இவரைப் பிடிச்சிட்டுப் போக முந்தி, ரெண்டு நாளாவது சந்தோசமா வெச்சிருப்பம் எண்டுதான்... வாயே திறக்கல்ல..."

இப்றாஹிம் அவளருகில் குந்தினார்.

"தங்கச்சி... உங்களைத் தேடி வந்தவர் கண்ணில பட்டது... ரத்தக் கையோட நீங்க ஓடினதுதான்!"

அவள் அவரையே பார்த்தாள்.

புரிந்த கணத்தில், அந்த முகத்தில் இருந்த எல்லாமே அணைந்துபோயிற்று. அழவில்லை.

அவளைக் கைத்தாங்கலாக அவர் அடிவாரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, சைக்கிளை எறிந்துவிட்டு ஓடிவந்தான் பாக்கியராசா. முகமெல்லாம் பல்!

"சேர்! கல்குடாவில விசாரிச்சுக்கொண்டு வாறன்! கொலைகாரன் அம்புட்டுட்டான்! போடியாரிட வயல் பாக்கிற முல்லைக்காரன்தான். தண்ணி திருப்பின சண்டையாம். பிறகு வந்து பிணத்தை வாவிக்குள்ள தள்ளியிருக்கான். நேற்றே ஒத்துக்கொண்டுட்டான். வாத்தியாரையும் மனிசியையும் விடட்டாம் சேர்!"

இப்றாஹிம் கையில் சுருண்டிருந்த சட்டைத் துணியைப் பார்த்தார்.

"வாத்தியார் அவசரக்காரன், பாக்கியராசா... எங்களைக் கேக்காமலே தன்னை விடுதலை பண்ணிட்டார்!"