சிவப்பு விழுந்த மீன்

சிவப்பு விழுந்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. தூத்துக்குடியில் கோமாளி மீன் வளர்க்கிற எல்லாருக்கும் அது தெரியும். தங்கபுஷ்பத்துக்கும் தெரியும். ஆனாலும் தன் மீனைப் பரிசோதித்த முற்காணிக் கருவியின் வளையத்தில் சிவப்பு எரிந்ததும் அந்தம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்! ஏ ஜெசிந்தா, இன்னொரு தடவ வச்சுப் பாரேன்!"

"எத்தன தடவ வச்சாலும் அதேதான்க்கா வரும்."

ஜெசிந்தா அந்த மீன் மருத்துவமனையின் பரிசோதனை மேசையில் பதினோரு வருஷமாக நிற்கிறவள். கடல் சூடேறிப் பவளப்பாறை செத்த பிறகு, கோமாளி மீனுக்கு வீட்டுக் கண்ணாடித் தொட்டியை விட்டால் போக்கிடம் இல்லை. ஊரில் தொட்டி இல்லாத வீடும் இல்லை, முற்காணி இல்லாத மீன் மருத்துவமனையும் இல்லை. வளையல் அளவுக் கண்ணாடி வளையம்தான் அது. தண்ணீரில் இறக்கினால் மீனின் செவுள் துடிப்பை எண்ணும், நீந்துகிற விதத்தைப் பார்க்கும். ஒன்றரை நிமிஷத்தில் தீர்ப்பு. பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் மருந்து. சிவப்பு என்றால் மூன்று நாளில் சாவு; கூட இருக்கிற மீனையும் கொண்டுபோய்விடும். அதனால் சிவப்பு விழுந்த மீனைக் கிராம்பு எண்ணெய் கலந்த கிண்ணத்தில் உடனே விட்டுவிடுவார்கள். வலியில்லாமல் தூங்கிப்போகும். படிவத்தில் 'இறந்தது' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஜெசிந்தா கையெழுத்துப் போடுவாள். இத்தனை வருஷத்தில் சிவப்பு விழுந்து பிழைத்த மீன் ஒன்றுகூடக் கிடையாது. அடேயப்பா, என்ன துல்லியம் என்று ஊரே மெச்சியது!

அன்றைக்கு ஜெசிந்தாவின் கை கிண்ணத்துக்குப் போகவில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வால் ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தது. கிழிசலின் ஓரம் சுத்தமாக இருந்தது. உடம்பில் வழவழவென்று சளி எதுவும் படரவில்லை. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு சிட்டிகை இறால் குஞ்சைத் தூவினாள். பாய்ந்து பாய்ந்து தின்றது. நோயில் சாகப்போகிற மீன் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

"அக்கா, தொட்டில இருக்க பெரியவ இவன அடிக்காளா?"

"அத ஏன் கேக்க! தொட்டிக்கே அவதான ராணி. நேத்துப் பூரா விரட்டி விரட்டிக் கடிச்சா. பொம்பளைன்னா அப்படி ஒரு பொம்பள!"

ஆக, இது காயம். கடி வாங்கிய வலியிலும் பயத்திலும் மூச்சு வாங்குகிறான், அவ்வளவுதான். முற்காணி மூச்சை எண்ணியதே ஒழிய, ஏன் வாங்குகிறது என்று கேட்கவில்லை.

இத்தனை வருஷம் தோன்றாதது அன்றைக்கு ஏன் தோன்றியது என்றால், அதற்குக் காரணம் அவள் புருஷன் கிளாரன்ஸ். துறைமுகத்தில் ஏணியிலிருந்து விழுந்து, விலா எலும்பு மூன்று முறிந்து, பெரிய மருத்துவமனையில் கிடந்தான். மீன் முற்காணியைச் செய்கிற அதே நிறுவனம் மனிதர்களுக்கான முற்காணியை அந்த மாதம்தான் அங்கே மாட்டியிருந்தது. சிவப்பு விழுந்தால் வைத்தியத்தை நிறுத்தி, வலியில்லாமல் தூங்கவைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிழைக்கிற ஆளுக்குப் படுக்கையைக் கொடுத்துவிடுவார்கள். கிளாரன்ஸுக்கு அப்போதைக்கு மஞ்சள். சிவப்பு நிஜந்தானா என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதும், தன் தண்ணீர் போத்தலில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, மீனை அதற்குள் விட்டு மூடினாள். வெறும் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். படிவத்தில் எப்போதும்போல் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் தனித் தொட்டியில் விட்ட மீன் மூன்றாம் நாள் சாகவில்லை. ஐந்தாம் நாள் அவள் விரலைக் கடிக்க வந்தது. ஒன்பதாம் நாள் வாலில் மெல்லிசாகப் புதுத் தோல் வளர்ந்திருந்தது. பதினோரு வருஷமாகக் கிண்ணத்தில் விட்டதில் எத்தனை இப்படி இருந்ததோ? பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று காலை பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. கிளாரன்ஸுக்குச் சிவப்பு. மாலை நாலு மணிக்கு ஊசி, அதுவரைக்கும் பார்க்கலாம் என்றார்கள்.

மீனைப் போத்தலில் பிடித்து எடுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டரைப் பார்க்க மதியம் இரண்டரை மணி வரை காக்கவைத்தார்கள். டாக்டர் இசக்கியப்பன் எழுந்து நின்று அவளை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர்தான்.

"டாக்டர், அவுகளுக்கு விலாதான் முறிஞ்சிருக்கு. மூச்ச இழுத்தா குத்துது, அதான் சின்னச் சின்னதா வாங்குதாவ. மெஷின் அத எண்ணிப்போட்டுச் சிவப்புங்குது."

"முற்காணி இதுவரைக்கும் தப்புனதே இல்லம்மா."

"சிவப்பு விழுந்த யாரையாவது உயிரோட விட்டுப் பாத்திருக்கீங்களா?"

டாக்டர் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"எந்த நம்பிக்கைல மனுஷனுக்கு இத மாட்டுனோம்னு பாருங்க. உங்க மீன் ஆஸ்பத்திரியில மட்டும் நாலாயிரத்து முந்நூறு சிவப்பு. அத்தனையும் சாவு. சாட்சிக் கையெழுத்து யாருதுன்னு நீங்களே படிங்க."

ஜெசிந்தா, ஜெசிந்தா, ஜெசிந்தா என்று திரை கீழே ஓடிக்கொண்டே இருந்தது. அவள் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அதுல ஒன்பது நாளைக்கு முந்திப் போட்ட கையெழுத்து பொய் டாக்டர். இந்தா, உயிரோட நீந்துது பாருங்க!"

டாக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிறுவனத்துக்குப் போன் போட்டார்.

அரை மணி நேரத்தில் நிறுவனத்திலிருந்து அருள்நேசன் என்பவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பணிவான பேச்சு. மீனின் வெள்ளைப் பட்டைகளைப் படம் பிடித்து ஒப்பிட்டார். நம் கைரேகை மாதிரி, ஒரு கோமாளி மீனின் பட்டை இன்னொன்றுக்கு இருக்காது.

"அதே மீன்தான். ஒன்பது நாளைக்கு முன்னாடி சிவப்பு. ரொம்ப நன்றிங்க. ஒரு பிழையை இப்படித் தேடிக் கொண்டுவந்து யாரும் தர மாட்டாங்க."

ஜெசிந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப மெஷின் தப்புன்னு எழுதிக்கிடுதீங்களா?"

"மெஷின் சரியாத்தாங்க சொல்லியிருக்கு. அன்னைக்குச் செய்ய வேண்டியதை நீங்க செய்யல. பிழை அங்கதான்."

அவள் கையை நீட்டுவதற்குள், சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்துப் போத்தலுக்குள் சாய்த்துவிட்டார். அவள் பறித்தபோது பாதி தண்ணீர் அவள் கையிலேயே கொட்டியது. அறை முழுக்கக் கிராம்பு வாசம். மீன் இரண்டு தடவை வாயைத் திறந்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது.

"இப்ப சரியாயிடுச்சு" என்று திரையில் எதையோ தட்டினார் அருள்நேசன். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டாக்டர்! நீங்க பாத்தீங்கள்ல? உயிரோட இருந்துச்சுல்ல?"

"பாத்தேன்மா" என்றார் அவர். "ஆனா பதிவுல இல்லையே."

மணி மூன்றரை. கிளாரன்ஸ் தலையணையில் சாய்ந்து முழித்துக்கொண்டுதான் இருந்தான். சின்னச் சின்ன மூச்சாக வாங்கினான். அவளைப் பார்த்ததும் சிரிக்கப் போய், விலாவைப் பிடித்துக்கொண்டான்.

"ஏட்டி, உன் கைல என்ன கிராம்பு வாசம்? பிரியாணி கொண்டாந்தியா? காலைல இருந்து ஒண்ணும் தர மாட்டேங்காவ. பசி கொல்லுது."

அந்த நேரம் பார்த்து நர்ஸ் படிவத்தோடு உள்ளே வந்தாள். ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இவுகளுக்குப் பசிக்குது. சாகப் போறவங்களுக்கு இப்படிப் பசிக்காது. முதல்ல அத எழுதுங்க! நான் கையெழுத்துப் போடுதேன், அத எழுதுங்க!"

நர்ஸ் சின்னப் பெண். படிவத்தை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லையேக்கா."

ஜெசிந்தாவுக்கு அந்தப் படிவம் மனப்பாடம். மீனுக்கு இருந்த அதே படிவம்தான். 'இறந்தது' என்ற இடத்தில் 'இறந்தார்' என்று மாற்றியிருந்தார்கள். பதினோரு வருஷமாக அவளும் அப்படி ஒரு கட்டம் வேண்டுமென்று கேட்டதில்லை.