கம்சாயினியின் போனஸ் வாரம்

வியாழக்கிழமை காலை 9.10.

"உங்கட சான்றிதழ் ஏற்கனவே பாவிச்சாச்சு, மிஸ்," என்றாள் விடுதியின் பதிவு மேசையிலிருந்த வதனி.

திரையில் தெரிந்ததை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். மேசைக்கு எதிரே இருந்த கம்சாயினி முதலில் சிரித்தாள். பிறகு கையிலிருந்த தடித்த காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இஞ்ச என்ட கையிலதானே கிடக்கு. ஆர் பாவிச்ச?"

மட்டக்களப்பு வாவியோரத்துக் கண்டல்கரை விடுதியில் கம்சாயினிக்கு ஆண்டுக்கு ஒரு வாரம் சொந்தம். லண்டனில் இருக்கும் அண்ணன் நிலோஜன் அவள் பெயரில் வாங்கிக் கொடுத்த பங்கு அது. வீடு செங்கலடியில். அரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் விடுதியில் போய்த் தங்கி என்ன செய்வது என்று அந்த வாரம் மூன்று வருடம் வீணாகவே போயிற்று. இந்த வருடம் விடுதி ஒரு மாற்றுத் திட்டத்தில் சேர்ந்தது. இங்குள்ள வாரத்தைத் திட்டத்தில் ஒப்படைத்தால், வேறு ஊர் விடுதி ஒன்றில் ஒரு வாரம் கிடைக்கும். புதிதாகச் சேர்பவர்களுக்கு மேலதிகமாக ஒரு போனஸ் வாரச் சான்றிதழும் உண்டு. அதிலுள்ள பன்னிரண்டு இலக்க எண்ணை இணையத்தில் அடித்தால் அறை பதிவாகிவிடும். ஒரு தடவைதான் பாவிக்கலாம். பதிந்த திகதியை மாற்ற முடியாது.

ஒப்படைத்த வாரத்தில் டிசெம்பரில் கணவனோடு எங்காவது போவது, போனஸ் வாரத்தில் ஓகஸ்ட் மாதம் பல்கலைக்கழகத் தோழிகள் மூவரோடு நுவரெலியா போவது. இதுதான் கம்சாயினியின் திட்டம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அவள் விரிவுரையாளர். அந்தத் தோழிகளோடு ஒன்றாகத் தங்கிப் பத்து வருடமாகிவிட்டது.

"செவ்வாய்க்கிழமை காலமை 10.17க்குப் பதிஞ்சிருக்கு," என்று வதனி வாசித்தாள். "நுவரெலியா. ஒக்டோபர் பதினேழில இருந்து இருபத்திநாலு வரைக்கும். தங்கிற ஆள் உங்கட பேர்தான். மின்னஞ்சல் மட்டும் புதுசு."

"பதினேழா? அந்தக் கிழமை நான் அசைய ஏலா. வளாகத்தில பிள்ளைகளுக்குச் சோதனை நடக்கும்," என்றாள் கம்சாயினி.

9.40.

முகாமையாளர் நல்லரத்தினம் கதவைச் சாத்திவிட்டு வதனியிடம் பேசினார்.

"அந்த எண் தெரிஞ்ச ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர் புள்ள. ஒண்டு அவ. மற்றது அச்செடுத்துக் குடுத்த நீ."

"நான் ஏன் சேர் எடுக்க?"

"'இவங்கட வாழ்க்கையைப் பாத்தா எரியுது' எண்டு சாப்பாட்டு மேசையில சொன்னது ஆர்?"

வதனி அப்படிச் சொன்னது உண்மை. நான்கு வருடமாக மற்றவர்களுக்கு விடுமுறை அறைகள் பதிந்து கொடுக்கிறாள்; அந்த அறைகளில் ஒன்றில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. சில நாட்களில் சாவியை நீட்டும்போதே நெஞ்சு எரியும். ஆனால் எரிச்சலில் ஒருவர் என்னவெல்லாம் செய்வார், என்ன செய்யமாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்ததும் அதனால்தான்.

"நாலு மணிக்குக் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு அறிக்கை போகும். அதோட உன்ட வேலையும் போகும்," என்றார் நல்லரத்தினம்.

"அதுவரைக்கும் எனக்கு நேரம் இருக்கு, சேர்."

அவள் திரும்பி வந்து கம்சாயினியிடம் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இந்தச் சான்றிதழை ஆருக்காவது காட்டின நீங்களா?"

"ஒருத்தருக்கும் இல்ல. அலுமாரியில பூட்டித்தான் வச்ச." கொஞ்சம் யோசித்தாள். "சனிக்கிழமை ஒரு படமெடுத்து வட்ஸ்அப்பில போட்டன். அண்ணனுக்கு நன்றி சொல்ல. வீட்டுக் குழுதான். அண்ணன், அக்கா, இவர், நான். நாலு பேர்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள் வதனி. பன்னிரண்டு இலக்கமும் துலக்கமாகத் தெரிந்தன.

11.25.

கம்சாயினி போனில் விபரம் சொல்லி வரச்சொன்னதில், அக்கா விதுர்ஷாவும், கம்சாயினியின் கணவன் ஜெயரூபனும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். விதுர்ஷாவுக்குக் கம்சாயினியின் வளவிலேயே பக்கத்து வீடு. ஜெயரூபனுக்குச் செங்கலடிச் சந்தியில் டயர்க் கடை.

வதனி முதலில் விதுர்ஷாவைக் கேட்டாள். மற்றவர்களும் அதே அறையில்தான் இருந்தார்கள்.

"சனிக்கிழமை பின்னேரம் இஞ்ச போன் எடுத்து, தங்கச்சிட வாரத்தில வேற ஆள் போகலாமா எண்டு கேட்டது நீங்கதானே?"

கம்சாயினி திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"ஓம், நான்தான்," என்றாள் விதுர்ஷா. "எனக்குப் பொறாமைதான். மறைக்கல்ல. அண்ணன் படிக்கக் காசு அனுப்பினதும் அவளுக்கு. விடுதி வாங்கினதும் அவளுக்கு. எனக்கு ஒரு போன் அட்டைகூட இல்ல. ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லித்தான் சண்டை பிடிச்சன்."

"மறுகா? அந்தச் சண்டைக்குப் பிறகு?"

"மறுகா பனிச்சங்கேணிக்குப் போயிட்டன், மாமி வீட்ட. நேற்றுப் பின்னேரம்தான் வந்த. அதுவரைக்கும் இவளோட ஒரு கதையும் இல்ல."

"அங்க இருந்தும் பதியலாம்தானே?"

"பதியலாம். ஆனா பதிஞ்சா என்ட பேரிலதான் பதிஞ்சிருப்பன். இவட பேரில, அதுவும் ஒக்டோபருக்குப் பதிஞ்சு எனக்கென்ன வரும்? அஞ்சாம் திகதிக் கிழமையோட இவட சோதனையெல்லாம் முடிஞ்சிரும். பதினேழாம் திகதி ஆறுதலா, ராசாத்தி மாதிரிப் போவா. கலண்டரில சிவப்புப் பேனையால வட்டம் போட்டுக் கிடக்கு, போய்ப் பாருங்க."

வதனி அதைக் கேட்டுத் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு ஜெயரூபன் பக்கம் திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்கு எங்க இருந்த நீங்க?"

"கடையில."

"ஓகஸ்ட் பயணம் உங்களுக்கு விருப்பமா?"

"நான் ஏன் தடுக்க? போயிட்டு வரட்டும் எண்டுதான் சொன்ன." அவன் மெதுவாக, மரியாதையாகப் பேசினான். "பாவம், எவ்வளவு ஆசையா இருந்தவ. உங்கட கந்தோரிலதான் ஆரோ பிழை விட்டிருக்கிறாங்க."

கம்சாயினியின் தொலைபேசி மேசையில் அதிர்ந்தது. அவள் குனியுமுன்பே ஜெயரூபன் திரையை எட்டிப் பார்த்து, அழைப்பவரின் பெயரை வாசித்துவிட்டான்.

"நிஸ்மியா," என்றான்.

தோழிகளில் ஒருத்தி. கம்சாயினி அழைப்பைத் துண்டித்தாள்.

"கடைசியா ஒரு கேள்வி, மிஸ்," என்றாள் வதனி. "சோதனை அஞ்சாம் திகதிக் கிழமை எண்டு அக்கா சொல்றா. காலமை நீங்க என்னட்ட பதினேழாம் திகதிக் கிழமை எண்டீங்க. எது சரி?"

"ரெண்டும் சரிதான். முதல் அஞ்சாம் திகதிதான் போட்டிருந்த. இந்தத் திங்கட்கிழமை பின்னேரக் கூட்டத்திலதான் பத்தொன்பதாம் திகதிக்கு மாத்தின. நேற்றுத்தான் அறிவித்தல் ஒட்டினாங்க. வீட்டுக் கலண்டரில நான் இன்னும் மாத்தல்ல."

"திங்கட்கிழமை ஆருக்காவது சொன்னீங்களா?"

"கூட்டம் முடிய இவர் காரில ஏத்த வந்தவர். வாற வழியில..."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

12.05.

வதனி நல்லரத்தினத்தை அழைத்து உட்காரச் சொன்னாள்.

"சேர், இந்த எண்ணை எடுத்த ஆளுக்கு ஒரு கிழமை லீவு தேவைப்படல்ல. தேவையெண்டா தன்ட பேரில பதிஞ்சிருப்பார். நான் வித்திருந்தா வாங்கின ஆள்ட பேர் இருக்கும். ஓகஸ்டில அறை நிறையக் கிடந்த. அதையெல்லாம் தாண்டிப் போய், மிஸ் கட்டாயம் போக ஏலாத ஒரு கிழமையை மிஸ்ஸிட பேரிலயே பதிஞ்சிருக்கு. எடுக்க நினைக்கல்ல, சேர். அவ போகக்கூடாது எண்டுதான் நினைச்ச."

"பொறாமையெண்டா அக்காதானே?" என்றார் அவர்.

"அக்காவுக்கு எண் தெரியும். ஆனா அவட கணக்கில சோதனை அஞ்சாம் திகதி. இவவைத் தடுக்க நினைச்சிருந்தா அந்தக் கிழமையைத்தான் பதிஞ்சிருப்பா. வளாகத்து ஆக்களுக்குப் புதுத் திகதி தெரியும், எண் தெரியா. லண்டனில இருக்கிற அண்ணனுக்கும் எனக்கும் எண் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை காலமை எண்ணும் திகதியும் ரெண்டும் தெரிஞ்சது, மிஸ்ஸைத் தவிர ஒரே ஒரு ஆளுக்குத்தான்."

ஜெயரூபன் சட்டைப் பையிலிருந்த பேனையைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

"ஜெயரூபன், சொல்லுங்க," என்றாள் வதனி.

"அவங்கட போன் வந்தா இவ ஒரு சிரிப்புச் சிரிப்பா," என்றான் அவன், மனைவியைப் பார்க்காமல். "கேற்றடி வரைக்கும் கேக்கும். ஆறு வருசமா அந்த வீட்டில இருக்கிறன். எனக்காக அப்பிடி ஒரு நாளும் சிரிக்கல்ல. ஒரு கிழமை முழுக்க அவங்களோட இருந்து சிரிச்சிட்டு, மறுகா என்ட முகத்தில வந்து முழிப்பா. அதை என்னால நினைக்க ஏலாமப் போயிற்று."

"போகாத எண்டு சொல்லியிருக்கலாமே," என்றாள் கம்சாயினி.

"சொன்னா நான் கெட்டவன்."

"இப்ப?"

நல்லரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார். வதனி விடவில்லை.

"என்ட பேர் இதில இல்ல எண்டு எழுதி அனுப்புங்க, சேர். ஒரு பிரதி எனக்கும் வேணும்."

"எழுதுறன், புள்ள," என்றார். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கம்சாயினி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டாள்.

"நான் ஒப்படைச்ச வாரம் அப்பிடியே கிடக்குதானே?"

"ஓம், மிஸ். அதை ஒருத்தரும் தொடல்ல."

"அதை எடுங்க. நுவரெலியா, ஓகஸ்ட் எட்டாம் திகதி. நாலு பேர்."

"அது டிசெம்பருக்கு வச்சதுதானே," என்றான் ஜெயரூபன். "நாம ரெண்டு பேரும் போக."

"ஓம். அதுதான்."

வதனி பதிந்தாள்.

"ஒக்டோபர்க் கிழமையைத் திகதி மாத்த ஏலா," என்றாள் வதனி. "ஆனா நீங்க கையெழுத்து வச்சா ஆளை மாத்தலாம்."

"அக்காட பேரைப் போடுங்க."

விதுர்ஷாவுக்கு முகம் சிவந்தது. "எனக்கு ஒருத்தரும் பிச்சை போட வேணாம்."

"பிச்சை இல்ல. ஆசை இருந்தும் என்னட்ட இருந்து அதைப் புடுங்காத ஆள் நீங்கதான்," என்றாள் கம்சாயினி.

விதுர்ஷா உறுதிப்படுத்தல் தாளை வாங்கி, தன் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள்.

வெளியே ஜெயரூபன் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏறு, கம்சா. வளாகத்தில இறக்கிவிடுறன்."

"நீங்க போங்க," என்றாள் அவள். "நான் அக்காவோட பஸ்ஸில வாறன்."

இரண்டு பெண்களும் வெயிலில் பிரதான வீதிப் பக்கம் நடந்தார்கள். பாதி வழியில் விதுர்ஷா ஏதோ சொல்ல, கம்சாயினி சிரித்தாள். ஜெயரூபன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் வரைக்கும் அது கேட்டது.