கறுப்புக்குள் சிவப்பு

1999, ஐப்பசி அடைமழை. முத்துமணி மொபெட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடி போட்டு பாலிதீனில் சுற்றிய படத்தோடு கெலமங்கலத்தில் கங்கப்பனின் பழைய கல்வீட்டுக்குள் நுழைந்தான். உள்ளே ஊதுபத்தி மணத்தையும் மீறி ஈரச் சுவரின் வாடை அடித்தது.

ஓசூரில் அவனுடைய ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் பிரிண்டர் வந்ததிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பெருமையைக் கெடுத்தது சாந்தம்மாவின் படம்தான். சாந்தம்மா கங்கப்பனின் மனைவி. போன வருஷம் கொல்லைக் கிணற்றில் தவறி விழுந்து செத்தாள் என்று கங்கப்பன்தான் எல்லோரிடமும் சொன்னான். அவள் வேலை பார்த்த கம்பெனியின் அடையாள அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தை முத்துமணி பெரிதாக்கி இரண்டு முறை அடித்துக் கொடுத்துவிட்டான். இரண்டு முறையும் கழுத்தில் சிவப்பு கசிந்தது.

"மெசினு கறுப்பையும் கலருங்கள கலந்துதான் போடுதுங்க," என்று அப்போது விளக்கியிருந்தான். "காத்துல ஈரம் ஏறுனா உள்ள இருக்கற செவப்பு பிரிஞ்சு ஓடிருது."

இன்று மூன்றாவது படம்.

"இன்னிக்கி ஓடக் கூடாது," என்றான் கங்கப்பன் மெதுவாக. தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் சிக்கி ஆள்காட்டி விரல் பாதி போன வலது கையால் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டினான்.

இன்று சாந்தம்மாவின் வருஷத் திதி. அவளுடைய அண்ணன் ஆஞ்சப்பன் வந்திருந்தார். படையல் முடிந்ததும், கடைசித் தங்கை செல்லியைக் கங்கப்பனுக்கே இரண்டாம்தாரமாகக் கொடுப்பதாக வாக்குச் சொல்லப் போகிறார். செல்லி சமையலறை வாசலில் தலைகுனிந்து நின்றாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஞ்சப்பன் கற்பூரம் ஏற்றினார். வெளியே மழை வலுத்தது. பட்டப்பகலிலேயே வீடு இருண்டது. படத்துக்குப் பின்னால் சுவர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது.

கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

அது மெல்ல நீண்டது.

"வராதுங்களே," என்றான் முத்துமணி, தன்னை அறியாமல். "கலர் டப்பாவ கழட்டி வெச்சிட்டு வெறும் கறுப்புலதான் அடிச்சேன். இதுல செவப்பே கெடையாதுங்க."



கழுத்தின் ஒரு பக்கம் கட்டைவிரல் தெரிந்தது. மறுபக்கம் மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகப் படர்ந்தன. எல்லாம் முழு நீளம். ஆள்காட்டி விரல் மட்டும் பாதியில் நின்றது.

ஆஞ்சப்பன் படத்தைப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"மாப்ள, அந்தக் கையக் கொஞ்சம் காட்டுங்க."

கங்கப்பன் துண்டால் கண்ணாடியை அழுத்தித் தேய்த்தான். சிவப்பு உள்ளே இருந்தது, போகவில்லை. துண்டு நழுவி விழுந்தது. அவன் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தான். மோவாய் மேலே தூக்கிக்கொண்டது. குதிகால்கள் தரையில் தேய்ந்தன. யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவது போல இருந்தது.

யாரும் அவனைத் தொடவில்லை.

"வுட்டுரு சாந்தா," என்றான், மூச்சு வராமல்.

கொல்லைக் கதவு தானே திறந்தது. மழைக்குள் அவன் மறைந்தான். கிணற்றில் தொப்பென்று ஒரு சத்தம்.

ஆஞ்சப்பன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "ஒரு வருசமா நான் அவன் சோத்தத் தின்னுட்டுப் போயிருக்கேன்," என்று மட்டும் சொன்னார். முத்துமணிக்குப் பயம் வந்தது. இரக்கம் மட்டும் வரவே இல்லை.

செல்லிதான் முதலில் படத்தின் அருகே போனாள். "அக்கா," என்று கூப்பிட்டாள்.

சாந்தம்மாவின் கழுத்து வெள்ளைவெளேர் என்று இருந்தது. சிவப்பு எங்கேயும் இல்லை.

கண்ணாடியின் உள்பக்கம் மட்டும் ஈரமாக ஒரு கை பதிந்திருந்தது. ஒரு பெண்ணின் சின்னக் கை.

ஐந்து விரலும் முழுசாக இருந்தன.