பப்பாளி மட்டும் ஏன் வாடவில்லை?

வாட்டர் பெல் அடித்தது.

ஆறாம் வகுப்பில் எல்லோரும் தண்ணீர் பாட்டிலை எடுத்தார்கள். பிரகதீஸ்வரியும் எடுத்தாள். மூடியைத் திருகி, வாயில் வைத்துச் சாய்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. உதட்டை இறுக்கமாக மூடியிருந்தாள்.

"எல்லாரும் குடிச்சாச்சா?" அமராவதி டீச்சர் கேட்டார்.

"குடிச்சாச்சு டீச்சர்!"

"வெரி குட்!"

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கு எழுதினார். 'ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள் உள்ளன...'

பிரகதீஸ்வரியால் அதைப் படிக்க முடியவில்லை. தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் காதுக்குள் கேட்டது. காலை மாற்றிப் போட்டாள். பெஞ்சின் நுனிக்கு வந்தாள். மறுபடி உள்ளே நகர்ந்தாள். கடிகார முள் அதே இடத்தில் நின்றது.

"பிரகதீஸ்வரி, ஏன் இப்படி நெளியிறே? பெஞ்சுல எறும்பா?"

வகுப்பே சிரித்தது.

"இல்ல டீச்சர்."

அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கே உட்காரும் சரண்யாவுக்குக் காய்ச்சல். நேற்றும் வரவில்லை.

பிரகதீஸ்வரி பள்ளியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. பெண்கள் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே பிய்ந்துவிட்டது. கதவைச் சாத்தினால் தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு நேர் எதிரே பையன்கள் விளையாடும் மைதானம்.

ஒருநாள் அவள் உள்ளே இருந்தபோது காற்றில் கதவு திறந்துகொண்டது. பந்து பொறுக்க வந்த அவள் வகுப்பு விக்ரம் திடுக்கிட்டுத் திரும்பி ஓடினான். அவன் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

தண்ணீர் குடித்தால்தானே அங்கே போக வேண்டும்? குடிக்காவிட்டால்?

அப்படித்தான் ஆரம்பித்தது.

பாட்டில் நிறைய தண்ணீரோடு வீட்டுக்குப் போனால் அம்மா திட்டுவாள். அதனால் கடைசி மணி அடித்ததும் வகுப்பறைக்குப் பின்னால் போவாள். அங்கே ஒரு பப்பாளி நின்றது. யாரும் வருவதற்குள் தண்ணீரை அதன் அடியில் ஊற்றிவிட்டு, காலி பாட்டிலோடு வீட்டுக்கு ஓடுவாள்.

பங்குனி வெயிலில் பள்ளித் தோட்டம் முழுவதும் வாடிக் கிடந்தது. கத்தரி காய்ந்துவிட்டது. முருங்கைக் கன்று குச்சியாகிவிட்டது. பப்பாளி மட்டும் குடை விரித்ததுபோல நின்றது.

தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது விக்ரமின் வேலை.

"எப்படிடா இது மட்டும் இவ்வளவு பச்சையா இருக்கு?" என்று டீச்சர் ஒருநாள் கேட்டார்.

"எனக்கே தெரியல டீச்சர். சத்தியமா நான் தண்ணியே ஊத்தல!"

"ஊத்தவே இல்லயா?"

விக்ரம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வகுப்பில் நெளிந்த அன்று மாலை பிரகதீஸ்வரி சரண்யா வீட்டுக்குப் போனாள். சரண்யா போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள்.

"வா ஆத்தா, உக்காரு," என்றார் சரண்யாவின் அம்மா செல்வராணி. "கறம்பக்குடி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம். சிறுநீர்ல கிருமியாம். தண்ணி சரியா குடிக்காம, அடக்கி அடக்கி வச்சா இப்படி வருமாம். நான் தெனமும் பெரிய பாட்டில்லதான் குடுத்து விடுறேன். காலியாத்தான் வருது. அந்தத் தண்ணியெல்லாம் எங்கிட்டுத்தான் போகுதோ!"

புலம்பிக்கொண்டே கஞ்சி எடுக்க உள்ளே போனார்.

பிரகதீஸ்வரி சரண்யாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது.

"பப்பாளிக்கா?" பிரகதீஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

சரண்யா சட்டென்று போர்வையை விலக்கினாள். "ஒனக்கு எப்படித் தெரியும்? நீயுமாடி?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் சரண்யா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்க வைக்காதடி. வலிக்குது. பாத்ரூம் போனா அப்படி எரியுது."

"டாக்டர்கிட்ட கதவப் பத்திச் சொன்னியா?"

"சொல்லல. தண்ணி குடிப்பியான்னு கேட்டாரு. குடிப்பேன்னு சொல்லிட்டேன். அப்புறந்தான் டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிச்சாங்க."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் வந்தா என்ன பண்ணுவே?"

சரண்யா சுவரைப் பார்த்தாள். "குடிக்க மாட்டேன்."

மருந்து தீர்ந்ததும் சரண்யா பள்ளிக்கு வருவாள். தண்ணீர் குடிக்க மாட்டாள். மறுபடி இந்தப் போர்வைக்குள் வந்து படுப்பாள்.

அவளுக்கும் இரண்டு நாட்களாக லேசான எரிச்சல் இருந்தது. வெயில் சூடு என்று நினைத்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னாள். அம்மா திட்டவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்து, "நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் டாக்டரைப் பாத்துட்டு வருவோம்," என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிரகதீஸ்வரி காலையிலேயே டீச்சரின் மேசை அருகே போய் நின்றாள்.

"என்ன பிரகதீஸ்வரி?"

பின்னால் விக்ரமும் மற்ற பையன்களும் நோட்டோடு நின்றார்கள்.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

மதியம் மறுபடி போனாள். மறுபடியும் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள்.

"ஒனக்கு என்னதான் ஆச்சு? வர்றே, போறே, வர்றே, போறே!"

இடத்தில் வந்து உட்கார்ந்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். விரல் நகத்தைக் கடித்தாள். எப்படிச் சொல்வது? சொல்லாமலே எப்படிச் சொல்வது?

ஜன்னல் வழியாகப் பப்பாளியின் இலை ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது.

கடைசி மணி அடித்ததும் டீச்சரிடம் ஓடினாள். "டீச்சர், பப்பாளி ஏன் வாடலன்னு காட்டுறேன். கொஞ்சம் இங்கிட்டு வாங்க."

டீச்சரைப் பின்பக்கச் சுவரோரம் நிற்க வைத்தாள். பிறகு தன் பாட்டிலை எடுத்து, அவர் கண் முன்னாலேயே தண்ணீர் முழுவதையும் பப்பாளிக்கு ஊற்றினாள்.

டீச்சர் முகம் சுருங்கியது. "குடிச்சேன்னு சொன்னியே?"

பிரகதீஸ்வரி பாட்டிலை மூடினாள். "இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க டீச்சர்," என்றாள். சரண்யாவைப் போல வேறு யாராவது தண்ணீர் ஊற்ற வருவார்களா என்று அவளுக்கும் தெரியாது.

காலடிச் சத்தம் கேட்டது. ஏழாம் வகுப்பு அக்கா ஒருத்தி வந்தாள். மூடியைத் திருகி ஊற்றினாள். டீச்சரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்து எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர். பிறகு இரட்டைச் சடை போட்ட ஐந்தாம் வகுப்புக் குட்டி ஒருத்தி ஓடி வந்தாள். அவள் யாரையும் பார்க்காமல் தண்ணீரை ஊற்றிவிட்டு, "நல்லா குடிச்சுக்கோ!" என்று பப்பாளியிடம் சொன்னாள். நிமிர்ந்து பார்த்ததும் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டாள்.

பப்பாளியின் அடியில் தண்ணீர் குளமாகத் தேங்கி, மெல்ல மண்ணுக்குள் இறங்கியது.

"ஏன்?" டீச்சர் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிரகதீஸ்வரி மூச்சை இழுத்துவிட்டாள்.

"பாத்ரூம் கதவச் சாத்த முடியல டீச்சர்."

சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கா காலையிலிருந்து இந்தப் பாடு?

டீச்சர் கழிப்பறைப் பக்கம் நடந்தார். கதவைச் சாத்தினார். அது திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்துகொண்டது.

"நான் பாட்டுக்கு தெனமும் வெரி குட், வெரி குட்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார்.

திங்கட்கிழமை காலை ஒரு வேடிக்கை நடந்தது. இடைவேளை மணி அடித்ததும் அமராவதி டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். கழிப்பறைக்கு முன்னால் போட்டு, குடையை விரித்து உட்கார்ந்து, பரீட்சைப் பேப்பர் திருத்த ஆரம்பித்தார்.

"டீச்சர், பந்து அங்கிட்டு வந்துருச்சு!" விக்ரம் கத்தினான்.

"இன்னைக்கு அங்கிட்டு விளையாட்டு கெடையாது. மரத்தடிக்குப் போங்கடா!"

மறுநாள் தச்சர் சேவுகன் வந்தார். கதவை இழைத்துச் சரிசெய்து, உள்பக்கம் பளபளவென்று புதிய தாழ்ப்பாள் போட்டார். பெண்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். டக். டக். டக்.

"மெதுவா ஆத்தா! இன்னைக்கே தேஞ்சுரும் போலயே!" என்றார் சேவுகன்.

வாட்டர் பெல் அடித்தது. சரண்யா பாட்டிலைச் சாய்த்தாள். மடக் மடக் என்ற சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது. பிரகதீஸ்வரியும் குடித்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் அவளுக்கு எரிச்சல் குறைந்துவிட்டது. இப்போது பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்து, தொட்டிக் கணக்கைப் போட்டாள்.

அடுத்த வாரம் விக்ரம் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"டீச்சர்! பப்பாளி வாடுது டீச்சர்! எலையெல்லாம் தொங்கிப்போச்சு! நல்லாத்தானே இருந்துச்சு?"

வகுப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். விக்ரம் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

பிரகதீஸ்வரி எழுந்து போய், மூலையில் இருந்த வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"போடா. இனிமே அதுக்கு நீதான் தண்ணி ஊத்தணும்."